முன்வரிசை இருக்கை உங்கள் தாயாருக்கு ஏற்றதல்ல

கேள்வி: என் பேறுகாலத்துக்குத் துணையாக வந்திருந்த அம்மா (வயது 69) அடுத்த மாதம் நியூயார்க்கிலிருந்து துபாய் வழியாகத் தனியாகச் சென்னை திரும்புகிறார். சாதாரண வகுப்புப் பயணச்சீட்டு. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது, சர்க்கரையும் உண்டு. சுத்த சைவம், ஆங்கிலம் தெரியாது. பயணச்சீட்டு எடுத்துத் தந்த முகவர், இன்னும் 190 டாலர் கொடுத்தால் அவசர வழி அருகிலோ முன்வரிசையிலோ கால் நீட்டிக்கொள்ளும் இருக்கை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சக்கர நாற்காலிக்கும் சைவ உணவுக்கும் தனியாக 60 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? இத்தனை மணி நேரம் அம்மா எப்படிப் பொழுதைப் போக்குவார் என்பதும் கவலையாக இருக்கிறது. — எடிசன், நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த 60 டாலரை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து புறப்படும் எந்த விமானத்திலும், அது வெளிநாட்டு நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும், சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். துபாய் வழித்தடத்தில் சைவ உணவு பயணச்சீட்டின் விலையிலேயே அடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் முகவர் செய்யும் வேலை, தன் கணினியில் நான்கு நான்கு எழுத்துகளைத் தட்டுவதுதான். தர்ம தரிசன வரிசைக்கு டிக்கெட் விற்பவருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயணச்சீட்டில் உள்ள பதிவு எண்ணையும் தாயாரின் குடும்பப் பெயரையும் கொண்டு விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே உள்ளே சென்று இவை இரண்டையும் கேட்டுவிடலாம். அப்படிச் செல்லும்போது தொடர்பு எண்ணாக உங்கள் எண் இருக்கிறதா, முகவரின் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். முகவரின் எண் இருந்தால், விமானம் தாமதமானாலோ மாற்றப்பட்டாலோ வரும் செய்தி அவருக்குத்தான் போகும். அவர் உறங்கி எழுந்து சொல்லும்போது நீங்கள் பாதி வழியில் இருப்பீர்கள்.

இனி அந்த 190 டாலர். அவசர வழி இருக்கை உங்கள் தாயாருக்குக் கிடைக்கவே கிடைக்காது. அங்கே அமர்பவர், நெருக்கடி நேரத்தில் கனமான கதவைத் திறக்க உதவக்கூடிய உடல் வலிமை உள்ளவராகவும், பணிப்பெண்கள் இடும் கட்டளையைப் புரிந்துகொள்பவராகவும் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்ட ஒருவரை அந்த வரிசையில் கண்டால், விமானத்தில் ஏறும் முன்போ ஏறிய பின்போ வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றும்போது எஞ்சியிருப்பது பெரும்பாலும் நடு இருக்கைதான். ஒரே ஆளுக்குச் சக்கர நாற்காலியையும் அவசர வழி இருக்கையையும் ஒரே மூச்சில் விற்கிற முகவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

முன்வரிசை, அதாவது தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசை, கிடைக்கும். ஆனால் வேண்டாம் என்பேன். அங்கே முன்னால் இருக்கை இல்லாததால் உணவுத் தட்டும், பல விமானங்களில் தொலைக்காட்சித் திரையும் கைப்பிடிக்குள் மடக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் கைப்பிடி அசையாது. மேலே தூக்க முடியாது. இருக்கையின் அகலமும் சற்றுக் குறையும். காலடியில் பை வைக்க இடம் இல்லாததால், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மாத்திரைப் பை தலைக்கு மேலுள்ள பெட்டிக்குப் போய்விடும். முழங்கால் வலியுள்ள பெரியவர் ஒருவர் எழுந்து நின்று அதை எடுப்பதாவது! போதாக்குறைக்கு, கைக்குழந்தைக்கான தொட்டில் மாட்டும் இடமும் அந்தச் சுவர்தான். பேரக்குழந்தையின் அழுகையைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் என்றாலும், பயணத்திலாவது அவர் தூங்கட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களைப் போன்றவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு விமான நிலையத்தில் வாதாடுவதை அடிக்கடி காண்கிறேன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவுக்கு வந்துபோகும் விமானங்களில், கால் மடங்கவே மடங்காத நிலையில் உள்ள பயணிக்கு, முன்வரிசை இருக்கையையோ அதற்கு இணையாகக் கால் நீட்ட இடமுள்ள வேறு இருக்கையையோ, அந்தக் காலுக்கு வசதியான நடைபாதைப் பக்கத்தில், கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். மடங்காத கால் என்றால் மூட்டு இறுகிப் போனது, அல்லது மாவுக்கட்டோ உறுதியான பட்டையோ போட்டு அசையாமல் வைத்திருப்பது. மடக்கினால் வலிக்கும் கால் இதில் சேராது. மருத்துவர் ‘கால் நீட்டி அமர்வது நல்லது’ என்று எழுதிக் கொடுத்த சீட்டும் அந்த உரிமையைத் தராது. அந்த உரிமை உள்ளவருக்கும் அவர் வாங்கிய வகுப்புக்குள்தான் இடம் தரப்படும். மேல் வகுப்புக்கு மாற்ற மாட்டார்கள். அவசர வழி வரிசை அவருக்கும் கிடையாது. உங்கள் தாயாருக்கு மூட்டு மாற்று அறுவை நடந்து கால் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது என்றால் மட்டும், இணையதளத்தில் காத்திருக்காமல் விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். கவுன்டரில் மறுத்தால், மாற்றுத்திறனாளிப் பயணிகளின் புகாரைத் தீர்க்கும் அலுவலர் ஒருவரை நேரிலோ தொலைபேசியிலோ கிடைக்கச் செய்ய வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தேய்மானம் மட்டும்தான் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

அப்படியானால் எந்த இருக்கை? நியூயார்க்கிலிருந்து துபாய் வரை சுமார் 13 மணி நேரம், பிறகு சென்னைக்கு 4 மணி நேரம். இவ்வழியில் ஓடும் ஏ380, போயிங் 777 ஆகிய இரண்டிலும் சாதாரண வகுப்பில் மூன்று, நான்கு, மூன்று என்று பத்து பேர் ஒரு வரிசையில் அமர்கிறார்கள். ஜன்னல் பக்கத்து மூவரில் நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை எடுத்தால், உள்ளே இருக்கும் இருவருக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் தாயார் எழுந்து வழிவிட வேண்டும். நடுவிலுள்ள நால்வரில் ஓர இருக்கை, அதாவது டி அல்லது ஜி, எடுத்தால் பக்கத்தில் உள்ள ஒருவருக்கு மட்டும் வழிவிட்டால் போதும். அடுத்தவர் மறுபக்கமாகப் போய்விடுவார். கழிப்பறைக்கு மூன்று நான்கு வரிசை தள்ளி இருக்கட்டும், ஒட்டியே வேண்டாம்.

அமர்ந்தவுடன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று. நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி, மற்றவை போல இழுத்தால் மேலே வராது. அதன் அடிப்புறத்தில், முதுகுச் சாய்வோடு சேரும் இடத்துக்கு அருகே, விரல்நுனி அளவில் ஒரு பொத்தானோ கொக்கியோ இருக்கும். பார்வைக்குத் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி நிமிர்ந்துவிடும். பிறகு கால்களை நடைபாதைப் பக்கம் திருப்பி, முன் இருக்கையைப் பிடித்து, முழங்காலைத் திருகாமல் நேராக எழலாம். எல்லா வரிசையிலும் இந்த வசதி இருக்காது. ஓர இருக்கைகளில் பாதியிலாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எந்த வரிசையில் உண்டு என்று தொலைபேசியில் கேட்டு அதற்கேற்ப இருக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். 190 டாலர் இருக்கையில் கிடைக்காத சுகம் இது.

இருக்கைகள் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 777 விமானத்தில் முன்பு ஒரு வரிசைக்கு ஒன்பது பேர்தான். அதே உடலுக்குள் பத்தாவது ஆளைத் திணித்ததால் ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 17 அங்குலமே எஞ்சியது. ஏ380 இன்னும் ஓர் அங்குலம் தாராளம். இருக்கையின் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் நிர்ணயிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல் சட்டம் இயற்றியது. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம், நெருக்கடி நேரத்தில் எவ்வளவு விரைவாக வெளியேற முடிகிறது என்று 720 பேரை வைத்துச் சோதனை நடத்தியது. அதில் 60 வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. நீதிமன்றமோ 2023இல், அளவை நிர்ணயிக்கும்படி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. உங்கள் தாயாரின் வயதுக்காரர்கள் அந்த விமானங்களில் ஏறுவதே இல்லை என்று இவர்கள் நினைக்கிறார்கள் போலும்.

ஓர இருக்கைக்கு நிறுவனம் கட்டணம் கேட்டால் அதன் இணையதளத்தில் நேரடியாகச் செலுத்துங்கள். ஆனால் ‘விருப்ப இருக்கை’ என்ற பெயரில் விற்கப்படுவதைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது விமானத்தின் முன்பகுதியில் உள்ள, அதே கால் இடைவெளி கொண்ட, அதே இருக்கைதான். முகவர்கள் இதைத்தான் சொகுசு இருக்கை என்று தலையில் கட்டுகிறார்கள். பணம் கட்டி வாங்கிய இருக்கைக்கு இ.எம்.டி. என்ற மின்னணு ஆவணம் ஒன்று பிறக்கும். அதில் 13 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் பயணச்சீட்டு எண்ணில் உள்ளவையே. அந்த எண்ணை முகவரால் காட்ட முடியவில்லை என்றால் உங்கள் பணம் விமான நிறுவனத்தைச் சென்றடையவில்லை.

உணவைப் பொறுத்தவரை ஒரே ஓர் இடத்தில்தான் வழுக்கும். ‘இந்து உணவு’ என்று பட்டியலில் இருப்பதைச் சைவம் என்று நம்பித் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். எச்.என்.எம்.எல். என்ற அந்தக் குறியீட்டில் மாட்டிறைச்சி இருக்காதே தவிர, கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ வரும். நமக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல்., அதாவது ஆசிய சைவம். சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனி உணவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு குறியீடுதான். அதைக் கேட்டால் சைவம் உறுதியில்லை. ஆகவே சைவத்தையே கேட்டு, இனிப்பை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே பதிய வேண்டும். துபாய்–சென்னைப் பகுதிக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பையில் மிளகாய்ப் பொடி தடவிய இட்லி தாராளமாகப் போகும். தயிரும் எண்ணெய் ஊறுகாயும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்கும் குறியீடு உண்டு. முகவர்கள் எல்லோருக்கும் ‘தூரம் நடக்க இயலாது, படி ஏறுவார்’ என்பதையே போட்டுவிடுகிறார்கள். உங்கள் தாயாரால் படி ஏற முடியாது என்றால் ‘படி ஏற இயலாதவர்’ என்பதைக் கேட்டு மாற்றுங்கள். துபாயில் விமானத்திலிருந்து படிவழியாக இறக்கிப் பேருந்தில் அழைத்துச் செல்ல நேர்ந்தால் இதன் அருமை புரியும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்போதும் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பயம் வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை அணியலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

பொழுதுபோக்குக்கு நீங்கள் நினைப்பதைவிட நல்ல வசதி இருக்கிறது. வளைகுடா நிறுவனங்களின் திரைகளில் தமிழ்ப் படங்கள் உண்டு. ஆனால் முதல் பக்கத்தில் தெரிவதில்லை. இந்திய அல்லது உலகத் திரைப்படப் பிரிவுக்குள் சென்று தேட வேண்டியிருக்கும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அதுதான் தடை. ‘தமிழ்ப் படம் போட்டுத் தரவும், திரை நின்றுவிட்டால் மீண்டும் இயக்கித் தரவும், எனக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பணிப்பெண்ணால் அந்த இருக்கையின் திரையை மட்டும் அணைத்து மீண்டும் போட முடியும். படிக்கும் கண்ணாடி சட்டைப்பையிலோ கழுத்திலோ இருக்கட்டும். கைபேசியில் நான்கு நாடகமோ கச்சேரியோ தரவிறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் போட்டு அவை ஓடுகின்றனவா என்று வீட்டிலேயே சோதியுங்கள். பவர் பேங்க்கை நம்ப வேண்டாம். துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்திருக்கிறது. இருக்கையில் உள்ள யு.எஸ்.பி. துளைக்குப் பொருந்தும் கம்பி ஒன்று போதும்.

190 டாலரை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே இ.எம்.டி. எண்ணை எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு நாளில் வராவிட்டால், பணம் செலுத்திய அட்டையின் வங்கியில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.