கதாநாயகனுக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது? காதல் கதைகளும் படுக்கையறைத் தயக்கங்களும்: கேள்வி பதில்

காதல் நாவல்களில் வரும் நெருக்கத்தையும் நம் சொந்த வாழ்க்கையின் நெருக்கத்தையும் ஒப்பிட்டு, மனதுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. காதல் கதைகளையும் விரும்பிப் படிப்பவள் நான். அதனால் இரண்டு பக்கமும் நின்று பதில் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, குழந்தை பிறந்த பிறகு வயிற்றில் கோடுகள், தளர்ச்சி. விளக்கை அணைத்தால்தான் கணவர் பக்கத்திலேயே போக முடிகிறது. கதைகளில் நாயகி இப்படிக் கூச்சப்படும்போது, "நீ எவ்வளவு அழகு தெரியுமா" என்று நாயகன் ஒரு வரி சொன்னதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. என் கணவரும் அதையேதான் சொல்கிறார். எனக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை?

பதில்: அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தை உங்கள் கவனத்தை மறுபடியும் வயிற்றின் மேலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. "நிஜமாகத்தான் சொல்கிறாரா, என் மனம் கோணக்கூடாது என்று சொல்கிறாரா" என்ற அடுத்த யோசனை உடனே தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த நிலையை விவரித்தார்கள். உறவில் ஈடுபட்டிருக்கும்போதே, மனதின் ஒரு பகுதி விலகி நின்று தன்னைத்தானே வேடிக்கை பார்ப்பது. "வயிறு தெரிகிறதா, முகம் எப்படி இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம்" என்று மனம் ஓடிக்கொண்டிருந்தால் தொடுகை தோலோடு நின்றுவிடும். உணர்ச்சி எழவில்லையே என்ற பயத்தில் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்போம். பார்க்கப் பார்க்க உணர்ச்சி இன்னும் மங்கும்.

அதனால் "நான் அழகா" என்ற வழக்கை ஜெயிக்க முயல வேண்டாம். அந்த நேரத்தில் அதைத் தள்ளி வைத்தால் போதும். அவர் கை எங்கே இருக்கிறது, சூடாக இருக்கிறதா, அழுத்தம் போதுமா என்று கவனத்தைத் தோலுக்குக் கொண்டுவாருங்கள். பத்து முறை நழுவினால் பத்து முறையும் திருப்பலாம். கணவரிடம், "அழகு என்று சொல்வதைவிட, என்னைத் தொடும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். விளக்கைப் பற்றி அவசரம் வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் தொடங்குங்கள். மேல்சட்டை போட்டுக்கொண்டால்தான் நிம்மதி என்றால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு தோல்வியும் இல்லை.

கேள்வி: மேடம், என் மனைவி படிக்கும் நாவல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதில் நாயகன் விடிய விடிய களைப்பே இல்லாமல் இருக்கிறான். எனக்கு நாலைந்து நிமிடம்தான். இது குறைபாடா?

பதில்: இல்லை. ஐந்து நாடுகளில் சுமார் 500 தம்பதிகளை நிறுத்துக் கடிகாரம் வைத்து அளக்கச் சொல்லி, 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. உள்ளே நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும் வரை ஆன நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடம். அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் குறைவு. நீங்கள் சராசரிக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்.

ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, கட்டுப்படுத்தவே முடியவில்லை, அதனால் மனவேதனை என்றால்தான் மருத்துவர்கள் அதை விந்து முந்துதல் என்கிறார்கள். முன்பு நன்றாக இருந்து இப்போது மூன்று நிமிடத்துக்கும் கீழே குறைந்து கவலை தருகிறது என்றாலும் காட்டலாம். உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கும் பயிற்சி 1956-இலிருந்தே மருத்துவ எழுத்தில் இருக்கிறது. மாத்திரைகளும் களிம்புகளும் உண்டு, மருத்துவர் சொன்னால் மட்டும்.

அந்த விடிய விடிய நாயகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல பெண்கள் அந்தக் காட்சிகளில் ரசிப்பது அவன் நேரத்தையே இல்லை. அவனுக்கு அவசரம் இல்லை, வேறு எங்கும் போக வேண்டியதில்லை, கவனம் முழுவதும் அவள் மேல் இருக்கிறது, அதைத்தான். முத்தமும் கையும் வாயும் பேச்சும் எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டவை இல்லை. உங்கள் மனைவிக்கு அந்த நாவலில் எந்தப் பக்கம் பிடித்தது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் நினைத்த பக்கமாக அது இருக்காது என்பது என் கணிப்பு.

கேள்வி: அளவு பற்றி நேராகவே கேட்கிறேன். எவ்வளவு இருந்தால் சரி?

பதில்: பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். ஆபாசப் படங்களும் சில கதைகளும் கொடுக்கும் எண்ணம் இதைவிட மிகப் பெரியது. நீட்டித் தருவதாக விற்கும் எண்ணெய், மாத்திரை எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்குத் தானாக ஆசையே வருவதில்லை. அவர் தொட ஆரம்பித்து, சிறிது நேரம் போன பிறகு பிடித்துப்போகிறது. கதை நாயகிகளோ அவனைப் பார்த்த உடனேயே உருகுகிறார்கள். நான் உணர்ச்சியற்றவளா அக்கா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: "பிடித்துப்போகிறது" என்கிறீர்கள். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார். சிலருக்கு ஆசை முதலில் வரும், நெருக்கம் பின்னால் வரும். சிலருக்கு நெருக்கமும் இதமான தொடுகையும் முதலில், ஆசை அதன் விளைவாக எழும். குறிப்பாக நீண்டநாள் உறவுகளில் இரண்டாவது வகை மிகவும் சகஜம். கதைகள் பெரும்பாலும் உறவின் முதல் சில மாதங்களையே சொல்கின்றன. அந்தக் காலத்தின் படபடப்பை ஆயுள் முழுதுக்குமான அளவுகோலாக எடுத்துக்கொண்டால் யாருமே தேற மாட்டோம்.

ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் உண்டு. "தொடங்கினால் உனக்குப் பிடித்துவிடும்" என்று வற்புறுத்துவதற்கு இதைச் சிலர் ஆயுதமாக்குவார்கள். இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தொடங்கிய பிறகு வேண்டாம் என்று தோன்றினாலும் அப்படியே. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இருக்கிற இடத்தில்தான் இந்த வகை ஆசையும் எழும்.

முன்பு இருந்த ஆசை திடீரென்று குறைந்திருந்தால் வேறு காரணங்களையும் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலம், தூக்கமின்மை, மாதவிடாய் நிற்கும் பருவம், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், ஆறாத சண்டை. மாத்திரைதான் காரணம் என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பல வருடங்களாக உச்சம் வந்ததுபோல் நடிக்கிறேன். அவர் மனம் நோகக்கூடாது என்று தொடங்கியது. இப்போது உண்மையைச் சொன்னால் எல்லாமே பொய் என்று நினைத்துவிடுவார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பதில்: இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உடலைப் பற்றி. நாவல்களில் இருவரும் ஒன்றுசேர்ந்த சில நொடிகளில் இருவருக்கும் ஒரே நேரத்தில் உச்சம் வந்துவிடுகிறது. உண்மையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் கேட்டு 2018-இல் வெளியான ஆய்வில், உடலுறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்றவர்கள் ஏறக்குறைய 18 சதவீதம்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, யோனி வாய்க்கு மேலே இருக்கும் உணர்ச்சி மிகுந்த உறுப்பான கிளிட்டோரிஸைத் தூண்டுவது தேவை, அல்லது அது இருந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. வெளியே தெரிவது அந்த உறுப்பின் சிறு பகுதி. பெரும்பகுதி உள்ளே பரந்திருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் விரிவாக எழுதியதே 1998-இல்தான். உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் இதை யாரும் சொல்லித்தரவில்லை. குற்றம் இருவர் மேலும் இல்லை.

அடுத்து, எப்படிச் சொல்வது. கட்டிலில் சொல்ல வேண்டாம், சண்டையின் நடுவிலும் வேண்டாம். சேர்ந்து நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, முகத்துக்கு நேர் முகம் பார்க்க வேண்டியிராத நேரத்தில் சொல்வது சுலபம். "நம்ம நெருக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்கு உச்சம் வருவதற்கு வேறு மாதிரி தொடுகை தேவைப்படுகிறது. அதை உங்களோடு சேர்ந்து கண்டுபிடிக்க ஆசை" என்று தொடங்கலாம். கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அவரே "அப்போ முன்னாடி எல்லாம்?" என்று கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். "சில நேரம் நடித்தேன். உங்களைக் காயப்படுத்தப் பயம். இனிமேல் நடிக்க மாட்டேன்" என்பது நேர்மையான பதில். அவருக்கு வலிக்கும். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அந்த வலிக்கு இடம் கொடுங்கள், ஆனால் பயந்து பழைய நடிப்புக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இதற்கு முன், உங்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருப்பது நல்லது. தனிமையில் உங்கள் உடலைத் தொட்டு அறிந்துகொள்வதில் தவறே இல்லை.

கேள்வி: என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு காதல் இருந்தது, என்னிடம் மறைக்கவில்லை. எனக்கோ அவள்தான் முதல். அவளைத் தொடும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. என்னைவிட அவன் மேலாக இருந்திருப்பானோ?

பதில்: காதல் கதைகள் மிக அதிகமாக விதைத்த பயம் இது என்பேன். அனுபவசாலி நாயகன், ஒன்றுமறியாத நாயகி என்ற அச்சு அவ்வளவு பழகிவிட்டது. அது தலைகீழாகும்போது ஆண் தன்னைச் சிறியவனாக உணர்கிறான்.

நீங்கள் அவளிடம் விவரம் கேட்டுக் கேட்டு இந்தத் தீயை அணைக்க முடியாது. ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு விறகாகும். விசாரணையை நிறுத்துங்கள். "எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் பயம் வருகிறது" என்று உங்கள் பயத்தை மட்டும் சொல்லுங்கள். ஒருவரோடு பெற்ற பழக்கம் இன்னொருவர் உடலுக்கு அப்படியே பொருந்தாது. அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு அறியும் விருப்பம் உங்களிடம் இருந்தால், அனுபவக் குறைவு ஒரு தடையே இல்லை. அந்த எண்ணம் வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இன்னொருவர், ஒரு பெண் முன்பே உடலுறவு கொண்டிருக்கிறாளா என்று கன்னிச்சவ்வைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லி, அதைத் தடைசெய்யும்படி உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் கேட்டுக்கொண்டன. முதல் முறையில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் வருவதும் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. பயத்தால்தான் என்கிறார்கள். போகப் போகச் சரியாகிவிடுமா?

பதில்: பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள். தசைகள் தானாக இறுகும் வெஜினிஸ்மஸ், தொற்று, கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், வறட்சி என்று பல காரணங்கள் உண்டு, சிகிச்சையும் உண்டு. மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

கேள்வி: நான் தொடர்கதை எழுதுகிறேன். நாயகனுக்கு விறைப்பு வராமல் போகும் காட்சி ஒன்று வைத்திருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் நாயகியின் காதலால் குணமாகிறான். சரியாக இருக்குமா?

பதில்: அந்தக் காட்சியை எழுதத் துணிந்ததற்கே என் வாழ்த்துகள். குணமாகும் இடத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். அவள் காதலால் குணமானான் என்றால், குணமாகாத கணவனுடைய மனைவி அதைப் படித்துவிட்டு "என் காதல் போதவில்லை" என்று நினைப்பாள்.

அந்த இரவின் மௌனத்தை எழுதுங்கள். "பரவாயில்லை" என்று அவள் சொன்னது அவன் காதில் எப்படி விழுந்தது? அவன் முதுகு காட்டித் திரும்பிப் படுத்ததை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள்? அப்புறம் யார் முதலில் பேசினார்கள்? கதை அங்கேதான் இருக்கிறது. காரணமும் தெரிந்திருக்கட்டும். இளைஞனுக்குக் காலையில் விறைப்பு வழக்கம்போல் இருந்தால் பெரும்பாலும் பதற்றம்தான். நடுவயதுக்காரன் என்றால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிகுறியாகக்கூட இருக்கலாம். அவனை மருத்துவரிடம் அனுப்புங்கள். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் (வயாகரா) போன்ற மாத்திரைகள் ஆசையை உண்டாக்குவதில்லை. ஆசை இருக்கும்போது ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. நண்பன் கொடுத்த மாத்திரையால் எல்லாம் சரியானது என்று எழுதிவிடாதீர்கள்.

ஆணுறையையும் எழுதுங்கள். காதல் நாவல்களை அதிகம் படிப்பவர்களிடம் ஆணுறை பற்றிய நல்லெண்ணம் குறைவாக இருப்பதையும், கதையிலேயே பாதுகாப்பு இயல்பாக இடம்பெற்றால் அந்த எண்ணம் மாறுவதையும் 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் ஒரு வரிக்கு அந்த வலிமை உண்டு.

கேள்வி: ஆறு மாதம் முன்பு ஒருமுறை அவருக்கு முடியாமல் போனது. அதிலிருந்து என்னைக் கட்டிப்பிடிப்பதுகூட இல்லை. என் மேல் ஆசை போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

பதில்: கட்டிப்பிடித்தால் அது அடுத்த கட்டத்துக்குப் போகும், போனால் மறுபடி தோற்போம் என்று அவர் பயப்படுகிறார் என நினைக்கிறேன். அவர் விலகுவதைப் பார்த்து உங்களுக்கு உங்கள் மேலேயே சந்தேகம். உங்கள் வாட்டத்தைப் பார்த்து அவருக்கு "ஏமாற்றிவிட்டேன்" என்ற எண்ணம். இருவர் பயமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

மாஸ்டர்ஸும் ஜான்சனும் உருவாக்கிய ஒரு பயிற்சி இன்றும் பயன்படுகிறது. சில வாரங்களுக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. அந்த நாட்களில் முறைவைத்து ஒருவரை ஒருவர் தொடுவது, முதலில் மார்பையும் பிறப்புறுப்பையும் தவிர்த்து. விறைப்பு வந்தாலும் எதுவும் செய்ய வேண்டாம், வராவிட்டாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. பல வாரங்கள் கழித்துப் படிப்படியாக மேலே போகலாம். பாலியல் சிகிச்சை தெரிந்த ஆலோசகர் வழிகாட்டினால் இன்னும் நல்லது. கூடவே அவர் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும்.

இதை நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்றால் எழுதிக் கொடுங்கள். "எனக்கு உங்கள் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். வேறு எதுவும் நடக்க வேண்டியதில்லை, ஒரு மாதத்துக்கு நடக்கவும் வேண்டாம்." இவ்வளவு போதும். பதில் சொல்ல அவருக்கு இரண்டு மூன்று நாள் விடுங்கள்.