சாம்பவர் வடகரை வைத்தியரும் 24 சுருதியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சுரண்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஆகஸ்ட் 2 ஆபிரகாம் பண்டிதர் பிறந்த நாள். சாம்பவர் வடகரை எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்லலாம் என்றிருக்கிறேன். சித்த வைத்தியர், கொடையாளர், இசை ஆராய்ச்சியாளர் என்று மூன்று வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. 24 சுருதி என்றால் என்ன என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் என்ன சொல்வது? அவர் சொன்னதுதான் முடிவா?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மூன்று வரியையும் மூன்றாகச் சொல்லாதீர்கள். மருந்து விற்ற பணம் மாநாடு ஆயிற்று. மாநாட்டில் எழுந்த வாதம் புத்தகம் ஆயிற்று. இந்தத் தொடர்ச்சி பிடிபட்டால் பிள்ளைகளுக்கு மனிதர் பிடிபட்டுவிடுவார்.

வாழ்க்கையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். 1859இல் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி, அங்கேயே வேலை, வயலின் படிப்பு. சுருளிமலையில் கருணானந்தர் என்ற சித்தரிடம் மருந்து முறைகளைப் பெற்றார். தஞ்சாவூருக்கும் ஆசிரியராகத்தான் போனார். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகை வளர்த்து, குருவின் நினைவாகக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். தஞ்சை மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். 1912இல் தொடங்கி ஏழு இசை மாநாடுகளைச் சொந்தச் செலவில் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், தம் வீட்டுப் பெண்களை வீணை வாசிக்கவும் பாடவும் வைத்துத் தம் கணக்கை மெய்ப்பித்துக் காட்டினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. 1919 ஆகஸ்ட் 31 அன்று மறைந்தார்.

மருந்தில் ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லுங்கள். சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஆயுள் உண்டு. குடிநீர், அதாவது கஷாயம், ஒரு சாமம்தான் தாங்கும். மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம். மாத்திரை ஒரு வருஷம். கஷாயம் கொடுக்கும் வைத்தியருக்கு அவர் தெருவே எல்லை. மாத்திரை உருட்டுகிறவர் மருந்தை வெளியூருக்கு அனுப்பலாம். பண்டிதரின் சஞ்சீவி மருந்துகளுக்குப் பெரிய சந்தை கிடைத்ததில் இந்த ஆயுள் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அந்த ஒரு வருஷம் சும்மா வராது. கல்வத்தில், அதாவது மருந்தரைக்கும் கல்லில், சாமக் கணக்காக அரைக்க வேண்டும். விழுது விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் உருட்ட வேண்டும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும்.

இனி 24. ச-வில் தொடங்கி மேல் ச வரை உள்ள தூரம் ஒரு ஸ்தாயி. அதற்குள் வரும் நுண்ணிய சுரப் படிகள் சுருதிகள், பண்டிதர் கணக்கில் அவை 24. மிச்ச நேரம் முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

பன்னிரண்டு பிள்ளைகளை வட்டமாக நிற்க வையுங்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு சுரங்களாக நிற்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இங்கே பன்னிரண்டு ராசி, பன்னிரண்டு சுரத்தானம், அதாவது ஸ்தாயிக்குள் சுரங்கள் நிற்கும் இடங்கள். முதல் பிள்ளை ச. அங்கிருந்து ஏழாவது பிள்ளை ப. அந்தப் பிள்ளையிடமிருந்து மறுபடி ஏழு எண்ணினால் ரி. அப்படியே த, க, நி என்று போய்ப் பன்னிரண்டு தாவலில் எல்லாரையும் ஒரு தடவை தொட்டு ச-வுக்குத் திரும்பிவிடும். நிற்கிற பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையை ஒன்று என்று எண்ண வேண்டும். சேர்த்து எண்ணினால் தாவல் ஆறாகிவிடும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவிலேயே போய்ப் போய் வரும், மற்ற பத்துப் பேரும் சும்மா நிற்பார்கள். ஒருமுறை வேண்டுமென்றே அப்படிச் செய்தும் காட்டுங்கள். ஏழு ஏன் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ஐந்தும் சரியாக வரும், அது ம முறை. இந்த ச-ப, ச-ம முறைகள்தான் பண்டிதரின் அடிப்படை.

அடுத்தது கம்பி. ஒன்றேகால் மீட்டர் பலகையில் ஒரு ஸ்டீல் கம்பியைப் பிரடை, அதாவது முறுக்காணி, போட்டு முறுக்குங்கள். கம்பியைத் தாங்கும் கட்டைக்குக் குதிரை என்று பெயர். இரண்டு குதிரைகளுக்கு நடுவே சரியாக 100 செ.மீ. இருக்கட்டும். மூன்றாவதாக நகர்த்தும் குதிரை ஒன்று. அது கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரம் போதும். உயரம் கூடினால் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும், நீங்கள் போடும் கணக்கெல்லாம் பொய்யாகும். 50 செ.மீ.யில் மேல் ச. 66.67இல் ப. மூன்றில் இரண்டு பங்குக்கு ப என்பதால், அந்த நீளத்தை மறுபடி மூன்றில் இரண்டாக்கி, 50க்குக் கீழே போனால் இரட்டித்துக்கொண்டே வாருங்கள்: 66.67, 88.89, 59.26, 79.01, 52.67, 70.23, 93.64, 62.43, 83.24, 55.49, 73.99. பன்னிரண்டாவதாக ச வர வேண்டும், 100. வருவது 98.65.

இந்த 1.35 செ.மீ.தான் சண்டை. பிள்ளைகள் வட்டத்தில் சரியாகத் திரும்பி வந்தார்கள், கம்பியில் வட்டம் மூடவில்லை. மூடியாக வேண்டும் என்றார் பண்டிதர். அதற்கு வழி, ஒரு ஸ்தாயியைச் சம விகிதத்தில் பிரிப்பது. அப்போது ப 66.74 செ.மீ.க்குப் போகும். முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம், காதுக்கு அநேகமாகத் தெரியாது. பாலை என்பது பழந்தமிழ் இசையில் சுரங்களை அடுக்கும் முறை. இப்படிப் பன்னிரண்டாகப் பிரிப்பது ஆயப்பாலை. ஒவ்வொன்றையும் இரண்டு அலகாக்கினால் 24 சுருதி, அது வட்டப்பாலை. முதல் அலகு 97.15 செ.மீ.யிலும் இரண்டாவது 94.39இலும் விழும்.

அப்படியானால் ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சாரங்கதேவர் சொன்ன 22 சுருதி எங்கிருந்து வந்தது? பண்டிதர் சொல்லும் பதில், ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களில், அலகுக் கணக்கு: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 4, உழை 2, இளி 4, விளரி 4, தாரம் 2, ஆக 24. பண்ணாக, அதாவது ராகமாக, வாசிக்கும்போது கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைப்பார்கள், அதனால் 22. வாசிக்கும்போது குறைத்த தொகையையே ஸ்தாயியின் மொத்தத் தொகை என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்கிறார்.

அவர் சொன்னதுதான் முடிவா என்று கேட்டீர்கள். முடிவு என்று நான் சொல்லமாட்டேன். அந்தர காந்தாரத்தை, அதாவது நம் வட்டத்தில் நான்காவது தாவலில் வந்த க-வை, பாருங்கள். சமப் பிரிவில் அது 79.37 செ.மீ. தம்புராவை நன்றாகச் சேர்த்து மந்தர (கீழ் ஸ்தாயி) ச கம்பியை மீட்டிக் காது கொடுத்தால் அதற்குள்ளேயே ஒரு க ஒலிக்கும். அந்த க-வுக்குக் கம்பி 80 செ.மீ. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். இது பழகிய காதுக்குக் கேட்கும். தம்புராவோடு பாடிப் பழகியவர் கமகம் இல்லாமல், அதாவது சுரத்தை அசைக்காமல், நீட்டி நிற்கும்போது 80 பக்கம்தான் போவார். சமப் பிரிவை ஏற்காதவர்களின் பலமான வாதம் இது, இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். பண்டிதரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வகையை, இளங்கோவடிகள் சொன்னதைக் கொண்டு, கையால் செய்து பார்க்கும்படி அவர் விளக்கிவிட்டார். அந்தப் பகுதி 24ஐ ஏற்காதவருக்கும் பயன்படும்.

ஆட்சேபம் சொல்ல வந்த வித்வான்களையும் அவரேதான் செலவு செய்து அழைத்தார். அவர் கொடையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். வரலாற்றுப் பகுதியிலேயே களைத்துவிடுவீர்கள். பாலைகள் வரும் இடத்தை எடுத்து, பக்கத்தில் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக்கொண்டு படியுங்கள். பாட்டுக்கு அவருடைய ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ இருக்கிறது, 1907இல் வந்தது, கற்பவர்களுக்காகத் தமிழில் செய்த பாடல்கள். பாட வரும் பிள்ளை ஒருத்தி இருந்தால் அதில் ஒரு கீதத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள். கம்பியை முந்தின நாளே முறுக்கி வையுங்கள். புதுக் கம்பி ஓர் இரவு நெகிழ்ந்துதான் நிலைக்கு வரும். காலையில் மறுபடி சேர்த்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு நிற்கும்.