கொழுத்த பெட்டை, மெலிந்த பெட்டை

கேள்வி: மாதவரத்தில் குஞ்சு பொரிக்கும் முட்டைக்காக 60 நாட்டுக்கோழிப் பெட்டைகள் வளர்க்கிறோம், வயது 14 வாரம். வளர்தீவனத்தோடு மக்காச்சோளமும் பழைய சோறும் போடுகிறோம். சில கொழுத்தும் சில மெலிந்தும் நிற்பது ஏன்?

பதில்: சோளமும் சோறும்தான் காரணம். ஒரு வாரத்துக்குள் படிப்படியாக நிறுத்திவிடுங்கள். வளர்தீவனத்தில் கிலோவுக்கு 2600–2700 கிலோகலோரி போதும். மக்காச்சோளத்தில் சுமார் 3300, புரதமோ 8–9 சதவீதம்தான். முந்தும் கோழி சோளத்தைப் பொறுக்கித் தின்று அடிவயிற்றில் கொழுப்பு சேர்க்கும். அப்படிப்பட்டதற்கு முட்டையிடும்போது கருக்குழாய் (முட்டை வரும் குழாய்) வெளியே தள்ளும் ஆபத்து அதிகம். பின்தங்கியதற்கு மிஞ்சுவது தூள். அந்தக் கோழி முட்டைக்கு வரத் தாமதமாகும்.

மெலிந்தவற்றைத் தனியே பிரித்து, எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் தின்னும்படி தட்டுகளைக் கூட்டுங்கள். வாரம் ஒருமுறை, தீவனத்துக்கு முன், கைக்கு வந்த 10 கோழிகளைத் தனித்தனியே எடை போடுங்கள். அவற்றில் குறைந்தது எட்டுக் கோழியின் எடை சராசரிக்கு 10 சதவீதம் முன்பின்னுக்குள் இருக்கவேண்டும். கொழுத்ததைப் பட்டினி போடவே வேண்டாம்.