வேக்சிங் பண்ணின பிறகு காலில் பொரி, உள்ளே சுருண்ட முடி

உள்ளே சுருண்ட முடியை ஊக்கால குத்தி எடுக்காதீங்க. வேக்சிங் பண்ணி பத்து நாள்ல கெண்டைக்கால் முழுக்கப் பொரி, உள்ளே முடி தெரியுதுன்னு எழுதியிருக்கீங்க. நோண்டினா முடி வந்துடும், ஆனா நம்ம மாநிறத் தோல்ல அந்த இடம் கறுத்துப்போய், மறைய மாசக்கணக்காகும்.

வேக்ஸை இழுக்கும்போது சில முடி வேரோட வராம தோலுக்கு அடியிலேயே அறுந்துடும். திரும்ப வளரும்போது நுனி வெளியே வராம உள்ளேயே சுருண்டு, முள் தைச்ச மாதிரி தோல் வீங்கும். இறுக்கமான லெக்கிங்ஸ் இதை இன்னும் கூட்டும்.

குளிச்சதும் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடிச்சுப் பாருங்க. பொரிக்குள்ள கறுப்பு நூல் மாதிரி வளையம் தெரிஞ்சா உள்வளர்ந்த முடிதான். ஒவ்வொரு மயிர்க்காலிலும் சீழ் வெச்சு, வலியோட பரவினா அது கிருமித்தொற்று. தோல் டாக்டர்கிட்ட போங்க.

உள்வளர்ந்த முடின்னா:

1. பொரி அடங்கும் வரை வேக்ஸ், ரேசர் இரண்டும் வேண்டாம். அவசரத்துக்கு டிரிம்மர், அதுவும் ஒட்ட வெட்டாம.
2. தினமும் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம்.
3. ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி 2% சாலிசிலிக் அமில லோஷன். புண்ணான இடத்துல தடவாதீங்க. கர்ப்பமா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு.

அடிக்கடி இப்படி வந்தா, முடியை நீக்க லேசர் யோசிக்கலாம். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் வகைதான் பாதுகாப்பு அதிகம். எந்த மெஷின்னு கேட்காம பணம் கட்டாதீங்க.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறீங்களா? அப்படின்னா வேக்சிங் கூடவே கூடாது, நிறுத்தி ஆறு மாசம் வரைக்கும். தோலே உரிஞ்சு வந்துடும்.