பைத்தான்ல இஃப்-எல்ஸ் சந்தேகமா, கேளுங்க

கேள்வி: அண்ணா, மார்க் 92 குடுத்தாலும் வெறும் 'பாஸ்'னே வருது. முதல்ல இஃப் மார்க் >= 35, அப்புறம் எலிஃப்ல 60, கடைசியா 90.

பதில்: வரிசைதான் தப்பு தம்பி. பைத்தான் மேலருந்து ஒவ்வொண்ணா பாத்துட்டு வரும், எது முதல்ல உண்மையோ அதுக்குள்ள போயிட்டு மிச்சத்த திரும்பிக்கூட பாக்காது, 92ங்கறது 35க்கும் மேலதானே, அங்கயே முடிஞ்சிரும். 90ஐ மேல தூக்கி வை, அடுத்து 60, அப்புறம் 35. அதுக்காக எலிஃப் எல்லாத்தையும் தனித்தனி இஃப்பா மாத்திடாத, அப்ப 92க்கு மூணு விடையும் வரும். எழுதி முடிச்சதும் 34, 35, 59, 60, 89, 90 எல்லாத்தையும் குடுத்து ஓட்டிப் பாரு, தப்பு பெரும்பாலும் எல்லைலதான் இருக்கும்.

கேள்வி: சார், வயசு >= 18ன்னு போட்டா டைப்எரர் வருது.

பதில்: இன்புட்ல வர்றது எப்பவுமே ஸ்ட்ரிங், அதாவது எண் இல்ல, வெறும் எழுத்து. இன்ட் போட்டு எண்ணா மாத்திட்டு ஒப்பிடுங்க.

கேள்வி: ஊர் == "மதுரை" ஆர் "திருச்சி"ன்னு எழுதினேன், சேலம் குடுத்தாலும் உள்ள போகுதுண்ணா.

பதில்: அந்த "திருச்சி" தனியா நிக்குது, ஊரோட ஒப்பிடவே இல்ல. காலியா இல்லாத ஸ்ட்ரிங் எதுவும் பைத்தானுக்கு உண்மைதான். ஊர் இன் ("மதுரை", "திருச்சி")னு எழுது. எரரே வராம தப்பா ஓடும், அதான் இதுல ஆபத்து.

கேள்வி: எலிஃப் அடுக்கறதெல்லாம் பழைய பாணிங்க. சி மொழில ஸ்விட்ச் மாதிரி மேட்ச்-கேஸ் வந்தாச்சு, வேகமும் கூட. அதயே சொல்லிக்குடுக்கலாமே?

பதில்: இத நான் ஒத்துக்க மாட்டேன். மேட்ச் வந்தது 2021ல, பைத்தான் 3.10 பதிப்புல. அதுக்கு முன்னாடியே பைத்தான உருவாக்குன கைடோ வான் ரோசம் 2006ல ஸ்விட்ச் கொண்டு வரலாம்னு எழுதி வச்சாரு, 2007ல பைகான்ங்கற பைத்தான் மாநாட்டுல கை தூக்கச் சொன்னா ஆதரவே இல்ல, அவரே தள்ளிட்டாரு. இப்ப இருக்கற மேட்ச்சும் மேலருந்து வரிசையாதான் பாக்குது, சி மாதிரி நேரா தாவாது, அதனால வேகம்ங்கற பேச்சு நிக்காது.

கேள்வி: படிக்க சுத்தமா இருக்கே?

பதில்: மெனு நம்பருக்கு சுத்தம்தான். >= 35 மாதிரி வரம்பு வந்தா கேஸ்ல மறுபடி இஃப் ஒட்டணும். கடைசி கேஸ்ல சிவப்புன்னு மேற்கோள் இல்லாம வெறும் பேர் வச்சா அது எந்த மதிப்பையும் வாங்கிக்கும். இஃப் கைக்கு வந்தப்பறம் மேட்ச்சுக்கு போகட்டும்.

கேள்வி: 18ன்னு அடிச்சும் வயசு == 18 பொய்னு வருது.

பதில்: மறுபடியும் இன்புட். ஸ்ட்ரிங்தான் வரும்னு மேலயே சொல்லிட்டேன். ==ல எரர் கூட வராது, பொய்னு மட்டும் வரும். மேல படிச்சிட்டு கேளுங்க.

கேள்வி: இஃப்புக்குள்ள வரிய தள்ளி எழுத டேப்பா ஸ்பேஸா?

பதில்: நாலு ஸ்பேஸ். கலக்காதீங்க.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்ல === எதுக்கு?

பதில்: அது நம்ம ஏரியா இல்ல, அதுல வேலை பாக்கறவங்கள கேளுங்க.

கேள்வி: சார், இன்புட்ல நம்பர் வாங்கி >...

பதில்: இன்ட்.