நான்கு வட்டங்களும் சேரும் வேலை கிடைக்காவிட்டால் இருக்கும் வேலையை விட்டுவிடலாமா?

இக்கிகாய் (வாழ்வதற்கான பிடிப்பு என்ற பொருளுள்ள ஜப்பானியச் சொல்) படத்தின் நான்கு வட்டங்களையும் நிரப்பிப் பார்த்ததாகவும், பிடித்தது, கைவந்தது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் தருவது ஆகிய நான்கும் கூடும் இடத்தில் எதுவுமே அகப்படவில்லை என்றும், ஆகவே இப்போதைய வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தை நம்பி வேலையை விட வேண்டாம் என்பதே என் பதில். சொல் ஜப்பானியச் சொல்தான், ஆனால் படம் ஜப்பானிலிருந்து வந்ததே அல்ல. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா வாழ்வின் நோக்கத்தை விளக்க வரைந்த படம் அது. அதன் நடுவில் 2014இல் மார்க் வின் என்பவர் இக்கிகாய் என்ற பெயரைப் பொருத்த, அதுவே உலகெங்கும் பரவிவிட்டது.

ஜப்பானில் இக்கிகாய் என்ற உணர்வை ஆழ்ந்து ஆராய்ந்தவர் மியெக்கோ கமியா (1914–1979) என்ற மனநல மருத்துவர். ஒக்காயாமா மாவட்டத்தின் நாகஷிமா தீவில் 1930இல் தொடங்கப்பட்ட அய்செயென் தொழுநோய் இல்லத்துக்கு 1957இல் அவர் ஆய்வுக்காகச் சென்றார். அங்கிருந்தவர்கள் சட்டத்தின் பேரால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். அந்தச் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. ஒரே நோய், ஒரே தீவு, ஒரே சாப்பாடு. ஆயினும் நோய் லேசாக இருந்த பலரே பொழுதைத் தள்ள வழியின்றி வெறுத்துப்போயிருக்க, வேறு சிலர் நிறைவோடு வாழ்ந்தது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான் இக்கிகாய் பற்றி 1966இல் வெளிவந்த அவரது நூல் பிறந்தது.

அதே இல்லத்தில் பார்வை இழந்த நோயாளிகள் 1953இல் நீலப்பறவை என்ற ஹார்மோனிகா இசைக்குழுவைத் தொடங்கியிருந்தார்கள். தொழுநோய் விரல்களின் உணர்ச்சியையும் பறித்துவிட்டதால் பிரெயில் புள்ளிகளைத் தடவிப் படிக்க வழியில்லை. ஆகவே குழுவை நடத்திய கோயிச்சி கோந்தோ, உதட்டாலும் நாக்கு நுனியாலும் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு இசைக்குறிப்புகளைப் படித்தார். தாள் உரசி உதட்டில் இரத்தம் கசியும். இதைச் சம்பள வட்டத்துக்குள் எப்படி அடக்குவது?

மியாகி மாவட்டத்தின் ஒசாக்கி பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரை ஏழு ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியான ஆய்விலும், வாழ்வில் இக்கிகாய் உண்டா என்றுதான் கேட்டார்கள். தொழிலைப் பற்றிய பேச்சே அந்தக் கேள்வியில் இல்லை. இல்லை என்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. (ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்களுக்கு அந்த உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால், இதை மருந்துச் சீட்டாக நான் எடுத்துக்கொள்வதில்லை.)

கமியாவின் வாழ்க்கையே உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. பத்தொன்பது வயதில் ஒரு தொழுநோய் இல்லத்தைப் பார்த்தபோதே மருத்துவராகிப் பணிசெய்ய விரும்பினார். வீட்டாரின் எதிர்ப்பும் காசநோயும் குறுக்கிட்டன. நாகஷிமாவில் தொடர்ந்து பணியாற்றத் தொடங்கியபோது அவருக்கு வயது 43. இடைப்பட்ட காலத்தில் மொழி கற்பித்தார், மொழிபெயர்த்தார், குடும்பத்தைக் கவனித்தார்.

நானும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதச் சம்பளம் வாங்குபவன்தான். ஞாயிறு காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் கிடைக்கும் நிறைவை அலுவலகத்திடம் நான் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அலுவலகத்தின் மீதும் எரிச்சல் குறைந்திருக்கிறது. வேலை உங்கள் உடம்பைக் கெடுக்கிறது அல்லது பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறது என்றால் தாராளமாக விடுங்கள். அதற்குப் படம் எதுவும் வேண்டாம், ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையிலிருந்தால் போதும்.