மார்வின் கே ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு விக்கல்: பழுது எங்கே?

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அரை விநாடி மௌனம் விழுகிறது என்கிறீர்களே, அது ஆல்பத்தில் இல்லை, உங்கள் எம்பி3 கோப்புகளில் இருக்கிறது. அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின், 1971இல் வந்த 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரு பாட்டு நிற்காமலே அடுத்ததற்குள் நழுவிப் போகும், அதற்காகவே இன்னும் அதை விடாமல் கேட்கிற ஆட்கள் இருக்கிறோம்.

எம்பி3 ஆக மாற்றும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றொலி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் உங்கள் பிளேயர் அதை வெட்டாமல் அப்படியே ஓட்டுகிறது.

செட்டிங்ஸில் 'கேப்லெஸ்' (பாட்டுகளை இடைவெளியில்லாமல் ஓட்டும் வசதி) இருந்தால் போட்டுவிட்டு, தலைப்புப் பாட்டின் கடைசிச் சில விநாடிகளிலிருந்து 'வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்' தொடங்கும்வரை கேளுங்கள். தையல் தெரியக் கூடாது. தெரிந்தால் சிடியிலிருந்து ஃபிளாக் (ஒலி எதையும் இழக்காத கோப்பு வகை) ஆக எடுத்துப் பாருங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' மட்டும் வேண்டாம், பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்த அழகான இணைப்பே பாழாகிவிடும்.

ஒன்று மட்டும்: 'மெர்சி மெர்சி மீ' முடிந்ததும் வருகிற இடைவெளியைச் சரிசெய்ய முயலாதீர்கள். இசைத்தட்டின் முதல் பக்கம் அங்கே முடிகிறது, தட்டைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.